கடற்படை உளவுப் பணி: எந்த வாசல், எந்த ஊர்?

“கடற்படை உளவுப் பிரிவில் ஆபீசராகச் சேர எந்தப் பரீட்சை எழுதணும்?” என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது, அப்படி ஒரு பரீட்சை இந்தியக் கடற்படையில் கிடையாது என்பதுதான். அமெரிக்கக் கடற்படையில் உளவு அதிகாரி என்பது தனிப் பிரிவு. 1830 என்று அதற்குத் தனிக் குறியீட்டு எண்ணே உண்டு. வர்ஜீனியாவில் பயிற்சி முடித்துவிட்டு நார்ஃபோக், சான் டியாகோ, யோகோசுகா, பஹ்ரைன் என்று போவார்கள். இணையத்தில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் கதை. அதைப் படித்துவிட்டு இங்கே அதே பெயரில் வேலை தேடினால் விளம்பரத்தில் அந்த வார்த்தையே இருக்காது. இங்கே ஆள் எடுப்பது எக்ஸிக்யூட்டிவ், இன்ஜினியரிங், எலக்ட்ரிக்கல், எஜுகேஷன் என்ற நான்கு பிரிவுகளுக்கு. டெல்லித் தலைமையகத்தில் கடற்படை உளவு இயக்குநரகம் இருக்கிறது. ஆனால் நேராக அதற்குள் போக வழியில்லை. முதலில் கப்பலிலோ விமானத்திலோ வேறு வேலை பார்த்துவிட்டுத்தான் அங்கே போய் உட்கார முடியும்.

நான் ஆபீசராக இருந்தவன் இல்லை. சிக்னல் பிரிவில் மாலுமியாகச் சேர்ந்து, பெட்டி ஆபீசர் என்ற மூத்த மாலுமி நிலையில் வெளியே வந்தவன். இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. யார் எந்த வழியாக வந்தார், எங்கே போய்த் தேறினார், எங்கே போய்ச் சலித்துப்போனார் என்பதெல்லாம் கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பவரைவிட நன்றாகவே தெரியும். இப்போது என்னிடம் யோசனை கேட்டிருப்பது இரண்டு பேர். ஒருவன் பாலக்கோட்டில் ப்ளஸ் டூ படிக்கிறான், அப்பா தக்காளி போடுகிறவர். இன்னொருத்தி பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ கடைசி ஆண்டு. இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

வேலை என்னவென்று முதலில் தெரிய வேண்டும். சினிமாவில் வருகிற மாதிரி மாறுவேடமெல்லாம் இல்லை. பார்ப்பதும் பொருத்திப் பார்ப்பதும்தான் பெரும்பகுதி. வெளிநாடுகளுக்கு ஓடும் 300 டன்னுக்குக் குறையாத கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் என்ற கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கப்பலின் பெயர், இருக்கும் இடம், வேகம், போகும் துறைமுகம், கப்பலின் அடிப்பகுதி எவ்வளவு ஆழம் தண்ணீருக்குள் இருக்கிறது, எல்லாவற்றையும் அது ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒன்பது இலக்க எண் உண்டு. இந்தியக் கொடி என்றால் 419ல் ஆரம்பிக்கும். திரையில் எல்லாம் புள்ளிகளாகத் தெரியும். ஒரு புள்ளி ராத்திரியில் காணாமல் போய், மறுநாள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி மறுபடி முளைத்தால், நடுவில் எங்கே நின்றது? போகும்போது சொன்ன ஆழமும் திரும்பும்போது சொல்லும் ஆழமும் வேறாக இருந்தால், நடுக்கடலில் எதையாவது ஏற்றியதா, இறக்கியதா? அந்த ஆழக் கணக்கு கப்பல்காரர்கள் கையால் பதிவது, அதில் பொய்யும் இருக்கும். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நாள் முழுக்க நிற்கிறவன் டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தே அது மாங்காய் லோடா காலி வண்டியா என்று சொல்லிவிடுவான். அந்த மாதிரிக் கண் வேண்டும். அப்புறம் கரையோர ரேடார், விமானம் எடுத்த படம், காதில் விழுந்த ரேடியோ சிக்னல், மீனவர்கள் சொன்ன தகவல், எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, மேலே இருப்பவருக்கு நாலு வரியில் எழுதித் தர வேண்டும். பொறுமை இல்லாத ஆளுக்கு இது தண்டனை.

கடலை இப்படிப் பார்க்க மூன்று இடங்கள் உண்டு: கப்பல், விமானம், கரையிலிருக்கும் கணினித் திரை. எந்த வாசலில் நுழைவது என்ற கேள்வி உண்மையில் இந்த மூன்றில் எங்கே உட்கார உனக்குப் பிடிக்கும் என்ற கேள்விதான். இதை யோசிக்காமல் “எது சீக்கிரம் கிடைக்கும்” என்று மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள், ஆறு வருஷத்தில் வெளியே போக நாள் எண்ணுவார்கள்.

ப்ளஸ் டூ முடித்த கையோடு

பாலக்கோட்டுப் பையனுக்கு இரண்டு வழி. முதலாவது என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு. யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள், ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருக்க வேண்டும். கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600, எஸ்எஸ்பி என்ற படைத் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு 900 மதிப்பெண். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தேறினால் மூன்று வருஷம் புனே அருகே கடக்வாஸ்லாவில், கடைசி ஒரு வருஷம் கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் ஏழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில். 2022லிருந்து பெண்களும் சேர்கிறார்கள்.

இரண்டாவது, பத்து கூட்டல் இரண்டு பி.டெக் நுழைவு. இதற்குத் தனி எழுத்துத் தேர்வு கிடையாது. ஜேஇஇ மெயின் ரேங்க் பார்த்து எஸ்எஸ்பிக்குக் கூப்பிடுவார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 70 சதவீதம் வேண்டும். நான்கு வருஷமும் ஏழிமலையில்தான், படிப்புச் செலவு முழுக்க அரசு. இடங்கள் குறைவு, ரேங்க் நெருக்கடி அதிகம்.

எது மேல்? பையனின் பள்ளியில் ஜேஇஇக்கு ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் இரண்டையும் எழுதட்டும், கணிதப் பாடம் பாதிக்கு மேல் ஒன்றுதான். ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் நான் என்டிஏ பக்கம். ஜேஇஇயில் ஒரு மார்க் சரிந்தால் ஆயிரம் பேர் முன்னே போய்விடுவார்கள். என்டிஏவில் எழுத்துத் தேர்வுக்குச் சமமாக எஸ்எஸ்பிக்கும் மதிப்பெண் இருக்கிறது. பதினைந்து வயதிலேயே தக்காளி லோடு ஏற்றி மண்டிக்குப் போய் விலை பேசத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே கொஞ்சம் கூடவே கிடைக்கும், வாயைத் திறந்தால்.

“முதல்ல இன்ஜினியரிங் முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று வீட்டில் சொல்வார்கள். பெற்றோர் பயம் புரிகிறது. ஆனால் இந்த இரண்டு வழியும் நிரந்தரப் பணி. இருபது வருஷம் முடித்தால் ஓய்வூதியம் உண்டு. உளவு சார்ந்த நல்ல நாற்காலிகள், வெளிநாட்டுத் தூதரகத்தில் கடற்படை ஆலோசகர் பதவி போன்றவை, கமாண்டர், கேப்டன் நிலைக்கு வந்தபிறகுதான் கிடைக்கும். லெப்டினன்ட் ஆக இரண்டு வருஷம், லெப்டினன்ட் கமாண்டர் ஆக ஆறு, கமாண்டர் ஆக பதின்மூன்று வருஷம் ஆகும். அதுவரை பணியில் இருக்க முடிகிற வாசல்தான் இந்த ஆசைக்கு ஏற்றது. டிகிரி முடித்த பிறகும் சிடிஎஸ் தேர்வு வழியாக ஏழிமலைக்குப் போகலாம், பொறியியல் பட்டம் வேண்டும், அதுவும் நிரந்தரப் பணிதான். மற்றபடி டிகிரிக்குப் பின் திறக்கிற வாசல்கள் பெரும்பாலும் குறுகிய காலப் பணி.

டிகிரி முடித்தவர்களுக்கு

பர்கூர் பெண்ணின் கணக்கு வேறு. குறுகிய காலப் பணியான ஷார்ட் சர்வீஸில் அதிகபட்சம் 14 வருஷம், அப்புறம் வெளியே. பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அதனால் வழி அடைபட்டு இல்லை. ஆனால் காலியிடத்தையும் மதிப்பீட்டையும் பொறுத்துத்தான் கிடைக்கும், அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கக் கூடாது. சம்பளம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறது: சப் லெப்டினன்ட்டுக்கு அடிப்படை 56,100 ரூபாய், ராணுவச் சேவைப் படி 15,500, அதற்கு மேல் அகவிலைப்படியும் மற்றவையும்.

டிகிரிக்குப் பின் திறக்கும் ஷார்ட் சர்வீஸ் வாசல்களில் மூன்றுதான் இந்தப் பேச்சுக்கு முக்கியம்.

பொதுச் சேவை எக்ஸிக்யூட்டிவ், அதாவது கப்பல் ஓட்டும் கூட்டம். எந்தப் பொறியியல் பட்டமும் சரி, 60 சதவீதம் வேண்டும். ஏழிமலைப் பயிற்சி முடிந்ததும் கப்பலுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் சில ஆண்டு, கப்பலை இயக்கும் மேல்தளமான பிரிட்ஜில் நின்று காவல்நேரம் பார்த்து, தனியாகக் கப்பலைக் கையாளலாம் என்ற சான்று வாங்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு முதல் நாலு வரை நிற்கும் காவலைத் தாங்குகிறவர்தான் தேறுவார். அதற்கப்புறம் சிறப்புப் பயிற்சி. அதில் தகவல் தொடர்பும் மின்னணுப் போர்முறையும் சேர்ந்த பிரிவு ஒன்று உண்டு, கொச்சி சிக்னல் ஸ்கூலில் நடக்கும். உளவுக்கு மிக நெருங்கிய கப்பல் வேலை அதுதான். என் தொழில் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு ரேடாரும் துடிப்பு துடிப்பாக அலையை விடும். எந்த அலைவரிசை, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை விநாடி என்பது ரேடாருக்கு ரேடார் மாறும். கப்பலைக் கண்ணால் பார்க்கும் முன்பே, அதன் ரேடார் அலையைப் பிடித்து அது சரக்குக் கப்பலா போர்க்கப்பலா, போர்க்கப்பல் என்றால் எந்த வகை என்று சொல்லிவிடலாம். நாம் ரேடாரைப் போட்டால் நாம் இருப்பது எதிராளிக்குத் தெரிந்துவிடும். அதனால் நம்முடையதை அணைத்துவிட்டு அவர்களுடையதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இசிஇ படித்த பெண்ணுக்குப் புத்தகத்தில் பார்த்த பாடம் உயிரோடு நடப்பது மாதிரி இருக்கும். இழப்பு என்ன? கடல் மயக்கம், மாதக்கணக்கில் வீட்டோடு பேச்சில்லாமை, கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் கப்பலில் இருப்பது.

அடுத்தது கடற்படை விமானச் செயல்பாட்டு அதிகாரி. முன்பு அப்சர்வர் என்பார்கள். இவர்கள் விமானம் ஓட்டுவதில்லை. விமானத்தின் பின்பக்கம் திரை முன்னால் உட்கார்ந்து ரேடார், கேமரா, நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கத் தண்ணீரில் போடும் சோனோபாய் எல்லாவற்றையும் வைத்து வேட்டையாடுபவர்கள். கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானம் போயிங் 737ன் உடம்புதான், ஆனால் பயணி இருக்கைக்குப் பதில் வரிசையாகத் திரைகள். 2024 ஜனவரி ஆரம்பத்தில் சோமாலியக் கடலில் லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலில் ஆயுதம் ஏந்தியவர்கள் ஏறினார்கள். உள்ளே இருந்த 21 பேரில் 15 பேர் இந்தியர்கள். பி-8ஐ போய் அந்தக் கப்பலுக்கு மேலே பறந்து, அது எங்கே போகிறது என்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஐஎன்எஸ் சென்னை என்ற போர்க்கப்பல் வந்து, கமாண்டோக்கள் ஏறி எல்லோரையும் மீட்டார்கள். பத்திரிகையில் கமாண்டோ படம் வரும். அந்தக் கப்பலைக் கண்ணிலிருந்து தவற விடாமல் வைத்திருந்தவர்கள் படம் வராது. இந்த வேலையின் குணமே அதுதான், அதைத் தாங்கும் மனது வேண்டும்.

இதற்குப் பயிற்சி ஏழிமலையில் தொடங்கி, கொச்சியில் ஐஎன்எஸ் கருடா என்ற கடற்படை விமானத் தளத்தில் உள்ள அப்சர்வர் பள்ளியில் தொடரும். பறக்கும் படி மாதம் 25,000க்கு மேல் தனியாக வரும். பெண்கள் பல வருஷமாக இருக்கும் பிரிவு. 2020ல் போர்க்கப்பலில் இருந்து இயங்கும் ஹெலிகாப்டர் பிரிவுக்கும் இரண்டு பெண் அப்சர்வர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவத் தேர்வுதான் கடினம், பறப்பவர்களுக்குத் தனி அளவுகோல். பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டிலும் 60 சதவீதமும், ஆங்கிலத்தில் 60 சதவீதமும் கேட்பார்கள்.

மூன்றாவது தகவல் தொழில்நுட்பம். கணினி, ஐடி படித்தவர்களுக்கானது. நெட்வொர்க், மென்பொருள், இணையப் பாதுகாப்பு. வேலை கரையில், வாழ்க்கை ஒழுங்கு. வெளியே வரும்போது பெங்களூருவில் நல்ல வேலையும் இருக்கும். மூன்றில் சௌகரியமானது இதுதான். ஆனால் கடலைப் பார்க்கும் வேலையிலிருந்து மிகத் தள்ளி இருப்பதும் இதுதான். “எனக்கு ஹேக்கிங் பிடிக்கும்” என்பவர் போகட்டும், “எனக்கு உளவு பிடிக்கும்” என்பவர் யோசிக்கட்டும்.

எலக்ட்ரிக்கல் பிரிவு, நீரியல் அளவைப் பிரிவு எல்லாம் இருக்கின்றன, நல்ல வேலைகள்தான். கருவியைப் பழுது பார்ப்பதும், கடலடியை அளந்து வரைபடம் போடுவதும் உளவுக்கு அடித்தளம். அவற்றில் ஆசை இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

என் தீர்ப்பு, இந்தப் பெண்ணுக்கு விமானம் முதலில், கப்பல் இரண்டாவது. 14 வருஷ வரம்பு இருக்கும்போது, சேர்ந்த மூன்றாவது நான்காவது வருஷத்திலேயே உண்மையான கண்காணிப்பு வேலைக்குள் போய்விடுவது விமானத்தில்தான். கப்பலில் அந்த நிலைக்கு வர கூடுதல் காலம் ஆகும். நிரந்தரப் பணி உறுதியாக இருக்கும் என்டிஏ பையனுக்கு அதையே தலைகீழாகச் சொல்வேன், அவனிடம் நேரம் இருக்கிறது, கப்பலில் ஊறிவிட்டு வரட்டும்.

ஊர் விஷயம்

பணியிடத்தை நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. விருப்பம் கேட்பார்கள், எழுதித் தரலாம், முடிவு படையின் தேவைப்படிதான். பொதுவாக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். ஆனாலும் எழுதித் தருவதில் அர்த்தம் இருக்கிறது. ஏன் அந்த ஊர் வேண்டும் என்று வேலையை வைத்துக் காரணம் சொல்கிறவருக்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்கிறவரைவிட நல்ல ஊர் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: “ஏம்ப்பா, அரக்கோணத்துலயே போட்டுட மாட்டாங்களா?” ஆச்சரியம் என்னவென்றால், அவள் விமானப் பிரிவுக்குப் போனால் அரக்கோணம்தான் நாட்டிலேயே சிறந்த இடங்களில் ஒன்று. அங்கே உள்ள ஐஎன்எஸ் ராஜாளி விமானத் தளம் 1992ல் தொடங்கியது. ரஷ்யத் தயாரிப்பான டியூ-142 என்ற ராட்சத விமானங்கள் 2017 வரை அங்கே இருந்தன. 2013லிருந்து பி-8ஐ. 2020ல் குத்தகைக்கு எடுத்த சீ கார்டியன் ஆளில்லா விமானங்களும் அங்கிருந்துதான் பறக்கின்றன. வங்கக் கடல், இந்தியப் பெருங்கடல் எல்லாம் அந்த ஓடுதளத்திலிருந்து எட்டிவிடும். நமக்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் காட்பாடி தாண்டி அரக்கோணம். கேந்திரிய வித்யாலயா உள்ளேயே இருக்கிறது. ஒரே தொந்தரவு, அவ்வளவு பக்கத்தில் இருந்தால் ஊத்தங்கரை வரைக்கும் உள்ள சொந்தக்காரர்கள் எல்லோரும் பத்திரிகை கொண்டுவந்துவிடுவார்கள், லீவு முழுக்கக் கல்யாணத்திலேயே போய்விடும். பி-8ஐயின் இரண்டாவது பிரிவு 2022ல் கோவாவில் ஐஎன்எஸ் ஹன்சாவில் வந்தது. அரபிக்கடல் வேலை பிடிக்கும் என்றால் அது.

அதே அரக்கோணத்தைக் கப்பல் பிரிவுக்காரர் கேட்டால் முட்டாள்தனம். அவர் முதலில் விசாகப்பட்டினத்தைத்தான் எழுத வேண்டும். கிழக்குக் கடற்படைத் தலைமை அங்கே, நீர்மூழ்கிகள் அங்கே, கடலையும் கரையையும் சேர்த்துப் பார்க்கும் கூட்டுச் செயல்பாட்டு மையமும் அங்கே. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் நான்கிலும் இந்த மையங்கள் வந்தன. விசாகப்பட்டினத்தில் நம் ஆட்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பர்கூர், வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கத்துப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தெலுங்கு வீட்டுப் பேச்சு. அங்கத்திய தெலுங்கு வேறு ராகம்தான், ஆனாலும் ஒரு வாரத்தில் காய்கறிக்காரரோடு சண்டை போடும் அளவுக்கு வந்துவிடும். வாடகை மும்பையைவிடக் குறைவு. ஆலப்புழாவிலிருந்து தன்பாத் போகும் ரயில் சேலம், ஜோலார்பேட்டை வழியாக அந்தப் பக்கம் போகிறது.

ஒரு எச்சரிக்கையும் அந்த ஊரோடு சேர்ந்து வருகிறது. 2019 டிசம்பரில் ஆந்திர போலீஸ், கடற்படை ஊழியர்கள் ஏழு பேரைப் பாகிஸ்தானுக்குத் தகவல் கொடுத்த குற்றச்சாட்டில் கைது செய்தது. சமூக வலைத்தளத்தில் பெண் பெயரில் பழகி வலையில் வீழ்த்தியதாக வழக்கு. அந்த மாதமே கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்துவிட்டது. இன்ஸ்டாவில் தினம் படம் போடாமல் இருக்க முடியாதவர் இந்தத் தொழிலுக்கே வர வேண்டாம். வீட்டாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மகன் எந்தக் கப்பலில், எப்போது கிளம்புகிறான் என்று ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் போடும் மாமாக்களை நான் நன்றாகவே அறிவேன்.

மும்பை: மேற்குத் தலைமையகம், வேலை உண்டு, மூச்சுவிட நேரமில்லை, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வீட்டுப் பிரச்சினை. கார்வார்: 2005ல் தொடங்கிய பெரிய தளம், பெங்களூருவிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் கணவனோ மனைவியோ இருந்தால், அங்கே வந்து பார்க்க வேலை இருக்காது என்பதை யோசிக்கவும். தமிழ்நாட்டுக்குள் என்றால் திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறது. நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம், 1990லிருந்து. அமைதியான இடம், ஆனால் அது சொல்லும் வேலை, கேட்கும் வேலை இல்லை. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, பாக் நீரிணையை ஆளில்லா விமானத்தில் பார்க்கும் இடம். சிறியதுதான், ஆனால் கற்றுக்கொள்ள நல்ல இடம்.

அந்தமான் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் கேட்டதும் பயப்படுவது இதைத்தான். முப்படையும் சேர்ந்த தலைமை 2001லிருந்து போர்ட் பிளேரில் இருக்கிறது. 2024ல் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் விமானம். தமிழ் எங்கேயும் கேட்கும், இட்லி கிடைக்கும். அங்கிருந்து தெற்கே, கிரேட் நிக்கோபாரில் கேம்பல் பேயில் 2012ல் ஐஎன்எஸ் பாஸ் என்ற விமானத் தளம் தொடங்கியது. அதற்குக் கீழேதான் மலாக்கா நீரிணைக்குப் போகும் வரும் கப்பல் பாதை. உலகின் பெரிய சரக்குக் கப்பல்கள் எல்லாம் வரிசையாகப் போகும் வழியில் உட்கார்ந்து பார்ப்பது, திரைப் புள்ளியைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் ஆளுக்கு வேறெங்கும் கிடைக்காத பாடம். கடினமும் அதே அளவு: நெட் சரியாக இருக்காது, ஆஸ்பத்திரி சிறியது, மழை. கல்யாணம் ஆகாதபோது எழுதிக் கொடுத்துப் போய்விட வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பின் அந்த ஊர் வந்தால்தான் வீட்டில் சண்டை.

கடைசியாக டெல்லி, குருகிராம். 2014 நவம்பரில் குருகிராமில் தொடங்கிய ஐமேக் என்ற மையம், கடற்படையும் கடலோரக் காவல்படையும் நடத்தும் 51 நிலையங்களின் தகவலை ஒரே திரையில் சேர்க்கிறது. 2018 டிசம்பரில் அதே வளாகத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் வந்தது. அங்கே நட்பு நாடுகளின் கடற்படை அதிகாரிகளும் உட்கார்ந்து, வணிகக் கப்பல் போக்குவரத்தையும் கடற்கொள்ளையையும் சேர்ந்து பார்க்கிறார்கள். கேட்க எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். ஆனால் முதல் பணியிடமாக இதற்கு ஆசைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடலில் நின்று பழகாத ஆள் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்தால், மீன்பிடிப் படகுக் கூட்டத்தை அலாரம் என்று எழுதுவார். உண்மையான அலாரத்தைப் பக்கத்தில் போகும் கப்பல் என்று விட்டுவிடுவார். நாலைந்து வருஷம் கப்பலோ விமானமோ பார்த்துவிட்டு லெப்டினன்ட் கமாண்டராகப் போவது சரி. டெல்லியில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் வெளிநாட்டு மொழிகள் பள்ளியில் சீனம், பர்மியம், சிங்களம் போன்றவை கற்கலாம். மூன்று மொழி வீட்டில் கேட்டு வளர்ந்த ஓசூர்ப் பிள்ளைக்கு நான்காவது மொழி அவ்வளவு கஷ்டமாக இருக்காது. மொழி தெரிந்த அதிகாரியை உளவுப் பக்கம் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

கடற்படை இல்லாமலும்

ஆசை உளவின் மேல்தான், கடலின் மேல் இல்லை என்றால் மத்திய உளவுத் துறையான ஐபியின் ஏசிஐஓ என்ற அதிகாரித் தேர்வு இருக்கிறது. எந்தப் பட்டமும் போதும், வயது 18 முதல் 27. சீருடை இல்லை, உடல் தேர்வுக் கெடுபிடி இல்லை, ஆனால் நாட்டின் எந்த மூலையிலும் போடுவார்கள். கடலோரக் காவல்படையில் உதவிக் கமாண்டன்ட் பணி இன்னொன்று. கரையோர ரேடார் சங்கிலியை நடத்துவது அவர்கள்தான். அக்னிவீர் மாலுமியாகச் சேர்ந்து உள்ளே இருந்தே ஆபீசர் ஆகலாமா என்றும் கேட்கிறார்கள். மாலுமிகளிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வழி உண்மையிலேயே உண்டு. ஆனால் அக்னிவீர் நான்கு வருஷம், அதற்கப்புறம் கால்வாசிப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆபீசர் ஆகும் மார்க்கும் வயதும் இருக்கும் பிள்ளையை அந்தச் சுற்றுவழிக்கு அனுப்ப மாட்டேன்.

உடம்பு பற்றி ஒரு உள்ளூர் விஷயம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013ல் தொடங்கினார்கள். அதற்கு முன் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பல்லையும் மூட்டுகளையும் டாக்டரிடம் முன்கூட்டியே காட்டிக்கொள்வது நல்லது. மருத்துவத் தேர்வில் பல்லுக்குக் குறைந்தது 14 புள்ளி வேண்டும். சொத்தை, ஈறு நோய் எல்லாம் விளம்பரம் வரும் முன்பே சரி செய்ய முடிகிறவை. நிறக்குருடு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது இருந்தால் எத்தனை மாதம் படித்தாலும் பயனில்லை.

எஸ்எஸ்பி பெரும்பாலும் நமக்குப் பெங்களூருவில் வரும். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர். மற்ற மாநிலத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் ரயிலில் வருவார்கள், நாம் முதல்நாள் சாயந்திரம் பஸ் ஏறினால் போதும். ஐந்து நாள் தேர்வு. முதல்நாள் வடிகட்டலில் தேறாதவர்களை அன்றே அனுப்பிவிடுவார்கள். பாலக்கோட்டுப் பையனுக்கு அங்கே இருக்கும் உண்மையான சுவர் மூன்று நிமிடப் பேச்சு, ஆங்கிலத்தில், தனியாக நின்று. அவன் அணுசக்தி பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அதை விட்டுவிட்டு, தக்காளி ஒரு வாரம் கிலோ எண்பதுக்கும் அடுத்த வாரம் ரோட்டில் கொட்டும் விலைக்கும் ஏன் போகிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகச் சொல்லியிருக்கிறேன். அதில் அவனைக் கேள்வி கேட்டு யாரும் மடக்க முடியாது. அவன் அடுத்த என்டிஏவுக்கும் ஜேஇஇக்கும் விண்ணப்பிக்கிறான். படிவத்தில் படை விருப்பம் கேட்கும் இடத்தில் முதல் இடம் கடற்படை. அதை மட்டும் அப்பா மாற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பர்கூர் பெண் பழைய மார்க் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தாள். பத்தாவதில் ஆங்கிலம் 60க்கு மேல் இருக்கிறது. விமானச் செயல்பாட்டை முதல் விருப்பமாகவும் பொதுச் சேவையை இரண்டாவதாகவும் போட்டு அனுப்பப் போகிறாள். கடைசி செமஸ்டரும் சேர்த்து மொத்த மார்க் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் இரண்டும் போய்விடும் என்பதால், ப்ராஜெக்ட்டை முடித்துவிட்டு அப்புறம் வரச் சொல்லியிருக்கிறேன்.